கல் திரும்பும் சூடு

தன் அப்பாவின் அடக்கத்தன்று டெல்பின் அழவில்லை.

பெட்டியை மூடுகிற நேரத்திலேயே அவள் கணவன் ஆன்றோ அதைக் கவனித்துவிட்டான். பெண்கள் எல்லோரும் பெட்டியின் மேல் விழுந்து கதறிக்கொண்டிருந்தார்கள். டெல்பின் மட்டும் சுவரோரம் நின்றிருந்தாள். நெரிசலில் ஏதோ ஒரு குழந்தையின் செருப்பு கழன்று அவள் காலடியில் கிடந்தது. குனிந்து எடுத்து, அந்தக் குழந்தையைத் தேடிப் பிடித்து மாட்டிவிட்டாள். பிறகு அடுக்களைக்குப் போய், பால் சேர்க்காத கட்டஞ்சாயா எத்தனை பேருக்கு வேண்டும் என்று கேட்டாள்.

"மண்டைக்குள்ள கல்ல வச்சாவ இல்லியா," என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தது அவன் காதில் விழுந்தது. "மனசும் கல்லாப் போச்சு பாத்துக்க."

அவனுடைய மாமனார் குரூஸ் மிக்கேல் குளச்சலில் விசைப்படகு எஞ்சின் பழுது பார்த்தவர். பெட்டிக்குள் அவருடைய வலது கையில் ஜெபமாலையைச் சுற்றி வைத்திருந்தார்கள். அந்தக் கையின் விரல் மொளிகளில் தோல் தடித்து, வெட்டுப்பட்டு, பழைய மரத்தின் முண்டுபோல இருக்கும். பார்ப்பவர்கள் எஞ்சின் வேலையால் என்று நினைப்பார்கள். ஆன்றோவுக்குத்தான் காரணம் தெரியும். எட்டு வயதிலிருந்து டெல்பினுக்கு வலிப்பு. அவள் விழும்போதெல்லாம் அவள் தலைக்கும் தரைக்கும் நடுவில் அந்தக் கை போயிருக்கிறது. சிமெண்ட்டுத் தரையில், பேருந்துப் படியில், பள்ளிக்கூடத்து முற்றத்தில்.

பெண் பார்க்கப் போன அன்று மற்றவர்கள் நாள் குறிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவர் ஆன்றோவைத் தனியே கூப்பிட்டு, மேசை மேல் தன் கையை மல்லாத்தி வைத்துக் காட்டினார். "விழுந்தா, கை இப்பிடி இருக்கணும் மக்களே. தலை தரையில படப்பிடாது. வேற ஒண்ணும் செய்யாண்டாம். அது தானா அடங்கிரும்."

அந்தக் கைக்குத்தான் அவள் அழவில்லை.

வீட்டுக்கு வந்தபின் வெகுநேரம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஆன்றோவுக்கு மௌனம் பழக்கமான விஷயம். படிகம் வளர்ப்பது அவன் வேலை. குழிக்கண்ணாடிகள் சேர்ந்து ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கும் உலையில், கலவைத் தூளால் செய்த தடியின் நுனி உருகி ஒரு துளியாகத் தொங்கும். அந்தத் துளி சிந்தாமல் பார்த்துக்கொண்டே பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தால், விரல் நீளத்துக்குக் கறுத்துப் பளபளக்கும் ஒரு கல் கிடைக்கும். பேசினால் துளி சிந்திவிடும் என்பதுபோல அவன் அங்கே மூச்சையும் மெதுவாகத்தான் விடுவான். வீட்டிலும் அதே பழக்கம்.

கடைசியில் அவள்தான் பேசினாள். "அழணும்னு எனக்குத் தெரியுது ஆன்றோ. அழுகைதான் வரல."

"அதிர்ச்சியா இருக்கும்," என்றான்.

"இருக்கும்," என்றாள் அவளும்.



* * *

அந்தக் கல்லை வளர்த்தவன் அவன்தான்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்தெடுப்பார்கள். அவற்றை இரும்போடும் ஆக்சிஜனோடும் சேர்த்துப் படிகமாக்கும் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்று கடலைப் பார்த்து நின்றது. வலிப்பை அடக்கும் கல் அங்கேதான் உருவானது. விரல் நீளக் கல்லிலிருந்து அறுத்தெடுத்த, அரிசி மணியளவுத் துண்டு. மூளையில் வலிப்பு தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தைத்துவிடுவார்கள்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின வாரம் டெல்பின் அவனிடம் கேட்டாள். "வலிப்பு வரப்போவுதுன்னு கல்லுக்கு எப்பிடித் தெரியும்?"

"வலிப்பு கிளம்புற இடம் கொஞ்சம் சூடாகும். அந்தச் சூட்டுல கல்லுக்குள்ள காந்தம் திரும்பிரும். சுத்தி இருக்கிற மயிரிழைக் கம்பிக்கு அது தெரியும். ஒடனே அந்த இடத்தைத் தட்டிக்குடுத்து அடக்கும். சூடு எறங்கினா கல்லு பழையபடி திரும்பிரும், கம்பியும் சும்மா இருந்துரும்."

"சரியா அந்தச் சூட்டுலதான் திரும்பணும்னு யாரு சொன்னா அதுக்கு?"

ஆன்றோவுக்கு வாய் திறக்கும் இடம் இது ஒன்றுதான். "நான்தான். கல்லுக்குள்ள இரும்பு இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்துல சமாரியம்னு ஒருத்தன் இருக்கான். அவன் சொல்ற பக்கம்தான் இரும்பு பாத்து நிக்கும். சூடு ஏற ஏற அவன் பேச்சு எடுபடாது. ஒரு சூட்டுக்கு மேல இரும்பு தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கும். சமாரியம் மட்டும் இருந்தா, பப்படம் பொரிக்கிற எண்ணெச் சூடு வரைக்கும் பிடிச்சு வச்சிருப்பான். அதனால அவன்ல கொஞ்சத்தை எடுத்துட்டு, அந்த எடத்துல டெர்பியம்னு இன்னொருத்தனை உக்கார வைப்போம். அவனுக்குப் பிடி போதாது. எத்தனை பேரை மாத்துறோமோ அதுக்குத் தக்கன திரும்புற சூடு எறங்கி வரும். உனக்க ஒடம்புச் சூட்டுக்கு ஒரு பொட்டு மேல கொண்டாந்து நிறுத்தியிருக்கேன்."

"எனக்க மண்டைக்குள்ள பஞ்சாயத்தே நடக்கும்னு சொல்லுங்க."

"அப்பிடியும் சொல்லலாம்."

அவள் அப்போது தன் சித்தப்பாவின் டிரைவிங் ஸ்கூலில் போன் எடுக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வலிப்புக்காரிக்கு லைசென்ஸ் கிடையாது. கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எல்லாரும் வண்டி எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: "எங்க வண்டில ரெண்டாவது பிரேக் இருக்குல்லா? படிக்கிறவ தப்பு பண்ணினா பக்கத்துல இருக்கவ மிதிப்பா. அதான இது?"

"அதேதான்," என்றான் ஆன்றோ. இதைவிட நன்றாக அவனால் சொல்லியிருக்க முடியாது.

கல் வைத்த பிறகு ஒரு முறைகூட அவள் விழவில்லை. லைசென்ஸ் கிடைத்தது. போன் எடுத்துக்கொண்டிருந்தவள் வண்டி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். போன வருஷம் மாத்திரைகளையும் நிறுத்தினார்கள். அந்த மாத்திரைகளோடு பிள்ளை பெறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இனிமேல் பெறலாம். அதை வாய்விட்டுச் சொல்லாமலே இருவரும் காத்திருந்தார்கள்.

* * *

அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து ஒரு சாயங்காலம். டெல்பின் மீனை வெட்டிக் கழுவிக்கொண்டே ஒரு கதை சொன்னாள்.

சிஸ்டர் ஜெனோவா என்று ஒரு கன்னியாஸ்திரி. மடத்து வேனை ஓட்டுவதற்காக ஐம்பத்தைந்து வயதில் வண்டி படிக்க வந்திருந்தார். இரண்டு தடவை தேர்வில் தோற்றும் விடாத ஆள்.

"இன்னைக்கு அந்தம்மா என்ன சொல்லுதாவ தெரியுமா? 'டெல்பின், நீ ரெண்டு வாரம் என்னைத் திட்டுத. ரெண்டு வாரம் திட்டவே மாட்டேங்க. திட்டுற வாரத்துலதான் எனக்கு வண்டி ஒழுங்கா போவுது. அதனால திட்டுற வாரத்துக்கு மட்டும் வரட்டா?' அப்பிடிங்காவ."

ஆன்றோ சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சிரிப்புக் கதையைச் செய்திபோலச் சொல்லிவிட்டு மீனைப் புரட்டினாள். அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"இப்ப திட்டுற வாரமா, திட்டாத வாரமா?"

கத்தி நின்றது. "திட்டாத வாரம்," என்றாள் மெதுவாக. பிறகு, "அப்பா செத்ததும் திட்டாத வாரம்தான்."

அவன் எழுந்து போய்ப் பையிலிருந்து கைக்கருவியை எடுத்து வந்தான். காதுக்குப் பின்னால் வைத்தால், கல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று முள் காட்டும். வலிப்பு இல்லாத நேரத்தில் முள் இடப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். வலப்பக்கம் போய்ப் படுத்துக் கிடந்தது. தட்டிப் பார்த்தான். நகரவில்லை.

"கல்லு திரும்பியே நிக்குது," என்றான். "சூடா இருக்கா உனக்கு? காய்ச்சலா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு தெர்மாமீட்டரை வாயில் வைத்தாள். அரை டிகிரிகூட ஏறியிருக்கவில்லை. பார்த்துவிட்டு அவனிடம் நீட்டினாள்.

"இது காய்ச்சல் இல்ல. மாசத்துல பின்பாதி எனக்கு இப்பிடித்தான் இருக்கும். கரு தங்குறதுக்கு ஒடம்பு சூடு ஏத்தி வைக்கும். பொம்பளைங்க எல்லாருக்கும் உண்டு. உங்க ஆய்வுக்கூடத்துல இது ஒருத்தருக்கும் தெரியாதா?"

"தெரியும். தெரியாம இல்ல. அளந்துதான் வச்சோம். ஒவ்வொரு தடவை நீ வரும்போதும் அளந்தோம். ஒரே அளவுதான் காட்டிச்சு."

"எப்பெல்லாம் வரச் சொன்னீங்க?"

"நாலு வாரத்துக்கு ஒருக்கா."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்குக் கேட்டது. நாலு வாரத்துக்கு ஒருமுறை சுற்றிவரும் ஓர் உடம்பை, நாலு வாரத்துக்கு ஒருமுறை அழைத்து அளந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அதே வாரம். குளிர்ந்த வாரம். பின்பாதியை ஒருவரும் பார்த்ததே இல்லை. முதலில் மாத்திரையின் மந்தம் அதை மூடியிருந்தது. மாத்திரையை நிறுத்திய பிறகும் அந்த மந்தத்தின் மிச்சம் என்றே நினைத்தார்கள்; அப்புறம் துக்கம் வந்து மூடியது.

குழாய்த் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. யாரும் அதை நிறுத்தவில்லை.

"அப்ப பாதி மாசம் பிரேக்குல காலை வச்சே வண்டி ஓடியிருக்கு," என்றாள் டெல்பின். கோபமாகச் சொல்ல வேண்டிய வாக்கியம். அவளால் அதைக் கோபமாகச் சொல்ல முடியவில்லை.

* * *

ஆய்வுக்கூடத்துத் தலைவர் தாணுமாலயன், ஆன்றோ சொன்னதை ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கேட்டார். வலிப்பு தொடங்கும் இடமும் பயம், பாசம், அழுகை எல்லாம் பிறக்கிற இடமும் மூளையில் ஒட்டுக்குடித்தனம். ஒன்றைத் தட்டிக்கொண்டே இருந்தால் மற்றதும் தூங்கிவிடும். அது அவருக்கு விளக்க வேண்டிய விஷயம் அல்ல. கல் வைத்த மற்றப் பெண்களின் அளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு டெல்பினைப் போலவே மாறாத அளவு. மிச்சப் பேருக்கு மாத முறை வேறு. அளவு அங்குமிங்கும் சிதறியிருந்தது. அவற்றையெல்லாம் காய்ச்சல் நாள் என்று ஒதுக்கியிருந்தார்கள்.

தாணுமாலயன் அன்று பகல் முழுவதும் அந்த வீடுகளுக்கு அவரே போன் போட்டார். ஆன்றோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஒரு குறையும் இல்ல சார். முன்னெல்லாம் எதுக்கெடுத்தாலும் அழுவா. இப்ப அப்பிடியெல்லாம் இல்ல."

"நல்ல அமைதியா இருக்கா சார்."

ஒரு மாமியார் பதறியேவிட்டார். "மாத்தப் போறீங்களா? ஐயோ வேண்டாம் சார், கும்பிட்டுக் கேக்கேன். இப்பத்தான் வீடு வீடா இருக்கு."

போனை வைத்துவிட்டுத் தாணுமாலயன் ஜன்னலுக்கு வெளியே கடலையே பார்த்தார். "நாம வலிப்புக்குத்தான ஆன்றோ கல்லு செஞ்சோம்?" என்றார்.

ஆன்றோவுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. போன கார்த்திகையில், டெல்பினுக்குக் கல் வைத்த டாக்டர் பர்வீன், வீட்டில் எப்படி இருக்கிறது என்று அவனிடம் கேட்டபோது, "இப்ப சத்தமே இல்ல டாக்டர்" என்று அவன் சொல்லியிருந்தான். சந்தோஷமாகத்தான் சொன்னான். டெல்பின் அப்போது பக்கத்தில்தான் இருந்தாள். அவள் ஒன்றும் சொல்லாததுகூட அன்று அவனுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

வீடுகளில் யார் என்ன சொன்னாலும், அந்தப் பெண்களையே நேரில் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது, முடிவை அவர்களிடமே விடுவது என்று தாணுமாலயன் தீர்மானித்தார். முதலில் டெல்பின்.

வழி சுலபமானதுதான். டெர்பியத்தைச் சற்றே குறைத்து அந்த இடத்தில் சமாரியத்தை உட்கார வைத்தால், திரும்பும் சூடு அரை டிகிரி மேலே போகும். பின்பாதியிலும் கல் சும்மா இருக்கும்.

"ஆனா முன்பாதியில ஒடம்பு குளுந்து கெடக்கும்," என்றார் டாக்டர் பர்வீன். "வலிப்பு கிளம்பினா, கல்லு திரும்பறதுக்குக் கொஞ்சம் நேரமாகும். எல்லாத் தடவையும் பிடிச்சிரும்னு என்னால சொல்ல முடியாது. கல்லை மாத்தினா ஒரு வருஷம் வண்டியும் எடுக்கக் கூடாது. அதுக்குள்ள ஒரு தடவை விழுந்தாலும், லைசென்ஸ் அவ்வளவுதான்."

ஆன்றோ தரையைப் பார்த்தான். வண்டி என்றால் டெல்பினுக்கு என்ன என்று அவனுக்குத் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அத்தனை வருஷமும் தெரியும்.

"மாத்துங்க," என்றாள் டெல்பின்.

வெளியே வந்ததும் அவன் கேட்டான்: "யோசிச்சுதான் சொன்னியா?"

"யோசனை மட்டும்தான் இப்ப நல்லா வருது எனக்கு." நடந்துகொண்டே சொன்னாள். "விழுந்தா விழுறேன். கை வைக்க நீங்க இருக்கீங்க. அப்பாவை நெனச்சு ஒரு தடவை நான் அழுதாவணும் ஆன்றோ."

"திட்டுற வாரத்துல அழுகை வரலியா?"

"வாரதுக்குள்ள அடுத்த பாதி வந்துருது. அதுவும், அடக்கம் முடிஞ்ச பொறவு அழ ஒக்காந்தா, எங்க தொடங்கணும்னே தெரியல."

புதுக் கல்லை அவன் அந்த வாரமே வளர்த்தான். உருகிய துளியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். உள்ளே யார் பக்கத்தில் யார் உட்கார்கிறார்கள் என்பதை மட்டும் அவன் மாற்றுகிறான்; இரும்பை அவன் தொடுவதே இல்லை. இரும்பு அதே இரும்பு. பக்கத்தில் இருப்பவன் மாறினால் அது வேறு பக்கம் பார்க்கிறது. இத்தனை வருஷமாக இதையே செய்துவந்தும், தன் பக்கத்தில் இருப்பவள் எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று ஒரு நாளும் கேட்காமல் இருந்ததை நினைத்துக்கொண்டான்.

* * *

டெல்பின் மாதவிலக்காகி உடம்பு குளிர்ந்த பிறகு அறுவை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

உடம்பு குளிரவில்லை.

திட்டாத வாரங்கள் முடிந்தும் அவள் திட்டவில்லை. ஆன்றோ தினமும் காலையில் கருவியை வைத்துப் பார்த்தான். முள் வலப்பக்கமே கிடந்தது. கல் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தான். காந்தம் சிக்கிக்கொண்டால் அப்படி நிற்கும், அபூர்வமாக நடப்பதுதான். தெர்மாமீட்டரையும் வைத்துப் பார்த்தான். சூடு இறங்கவே இல்லை. உள்ளே புண் ஏதாவது வைத்திருக்குமோ?

"கிளம்பு. டாக்டரைப் பாக்கலாம்," என்றான்.

டெல்பின் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். "கல்லு நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"சூடு எறங்கலன்னா கல்லு எப்பிடிப் பழையபடி திரும்பும்? நீங்க சொன்னதுதான. நான் மருந்துக்கடையில வாங்கிப் பாத்துட்டேன். ரெண்டு கோடு."

அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்தபோது, அவன் கையிலிருந்த கருவி மேசையில் சத்தத்தோடு விழுந்தது.

"டெல்பி!"

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், வேற்று ஊர்க்காரர் திருவிழாவைப் பார்ப்பதுபோல.

"எனக்குத் தெரியுது ஆன்றோ. எவ்வளவு நாள் காத்திருந்தோம், எல்லாம் தெரியுது. உள்ள ஒண்ணும் ஆவல." இட்லியைக் கீழே வைத்தாள். "நேத்தே சொல்லியிருப்பேன். இப்பிடி மொகத்தை வச்சுக்கிட்டு எப்பிடிச் சொல்லுறதுன்னு தெரியல."

டாக்டர் பர்வீன் சந்தோஷத்தையும் கவலையையும் சேர்த்தே சொன்னார். இப்போது தலையில் கத்தி வைக்க முடியாது. கம்பியை நிறுத்தி வைக்கவும் முடியாது. வலிப்பு வந்து விழுந்தால் குழந்தைக்கு ஆபத்து. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் உடம்பு சூடாகத்தான் இருக்கும். நாலாம் மாதத்துக்கு மேல் மெல்ல இறங்கும். அதுவரை கல் திரும்பியபடியே நிற்கட்டும்.

திரும்பி வரும் வழியில் வண்டியை டெல்பின்தான் ஓட்டினாள். திங்கள்சந்தை தாண்டியதும் சொன்னாள்:

"ஒரு உபகாரம் செய்யணும். எனக்கும் சேத்து நீங்க சந்தோஷப்படுங்க. ஒண்ணையும் விட்ராதீங்க. பொறவு எனக்கு எல்லாத்தையும் சொல்லித் தரணும்."

அதற்குப் பிறகு வந்த நாட்களில் ஆன்றோ, வாழ்நாளில் பேசாத அளவுக்குப் பேசினான். எப்படிப் பேசுவது என்றுதான் தெரியவில்லை. "இன்னைக்குத் தாணு சாரைக் கட்டிப்பிடிச்சுட்டேன்," என்பான். "அவர் பயந்து போயிட்டார்." அவள் தலையசைத்துக் கேட்டுக்கொள்வாள். ஸ்கேனில் முதல் தடவை இதயத்துடிப்பு கேட்டபோது அவன் தேம்பினான். அவள் தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள். அந்த ஒலி எதைப் போல இருந்தது என்று வழியெல்லாம் அவளுக்குச் சொல்லிப் பார்த்தான். படகு எஞ்சின் தூரத்தில் போவதுபோல என்றான். "அப்பா கேட்டிருந்தா எந்தக் கம்பெனி எஞ்சின்னு சொல்லியிருப்பாவ," என்றாள். வெறும் தகவலாகத்தான் சொன்னாள். ஆனாலும் சொன்னாள். அவன் அதையும் சேர்த்து வைத்துக்கொண்டான்.

சில சமயம் பயம் வரும். சந்தோஷத்தை ஒருவர் இன்னொருவருக்காக வைத்திருக்க முடியுமா? கல் பழையபடி திரும்பும்போது கேட்பதற்கு அவளுக்கு ஆசை இருக்குமா? கேட்கத் துணியாமல் வேலைக்குப் போய்விடுவான்.

* * *

நாலாம் மாதம் முடியும் தறுவாயில் ஒரு முற்பகல், ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது போன் வந்தது. சிஸ்டர் ஜெனோவா. மூச்சு வாங்கியது அவருக்கு.

"ஆன்றோ, ஒடனே வா மக்களே. கடற்கரை ரோட்டுலதான் நிக்கோம்."

"என்னாச்சு சிஸ்டர்? விழுந்துட்டாளா?"

"விழல, விழல. டெல்பின் என்னைத் திட்டிட்டா!" அவர் குரல் உடைந்து சிரித்தது. "'கிளட்சு என்ன ஜெபமாலையா, அப்பிடி மெல்ல மெல்ல உருட்டுதீங்க'ன்னு கேட்டா. கேட்டுட்டு அப்பிடியே அழத் தொடங்கினவதான். இன்னும் நிறுத்தல."

உலையில் துளி தொங்கிக்கொண்டிருந்தது. ஆன்றோ அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டி பூவரசமர நிழலில் நின்றது. சிஸ்டர் வெளியே நின்று, கடலைப் பார்ப்பதுபோல முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். ஆன்றோ ஓட்டுநர் கதவைத் திறந்து உட்கார்ந்தான். பக்கத்து இருக்கையில் டெல்பின், இன்னமும் இரண்டாவது பிரேக்கை அழுத்தி மிதித்தபடியே, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதுகொண்டிருந்தாள்.

"அப்பாக்க கையை நான் பாக்கவே இல்ல," என்றாள். "பெட்டிக்குள்ள வச்சிருந்தாவ. நான் செருப்பு மாட்டிக்கிட்டு நின்னேன். ஒருக்கா தொட்டுப் பாத்திருக்கலாம். ஒருக்கா."

அவனிடம் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. மாதக்கணக்கில் சேர்த்து வைத்தது. ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. பழைய மௌனமே வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தத் தடவை அவன் அதற்கு அஞ்சவில்லை.

அழுது அழுது அவள் தலை பக்கவாட்டில் சாய்ந்தது. ஜன்னல் கண்ணாடியில் இடிக்கப் போனது. ஆன்றோ எட்டி, தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தன் கையை மல்லாத்திக் கொடுத்தான்.

அவள் தலை அதில் வந்து படிந்தது. கண்ணை மூடி, அந்தக் கையின் மேல் கன்னத்தை வைத்தபடியே இருந்தாள். தேம்பல் மெல்ல மெல்லத் தானாக அடங்கியது. பிறகு அவள் கால் பிரேக்கிலிருந்து எழுந்தது. ஒரு கை வயிற்றின் மேல் போனது, அங்கே ஏதோ இருப்பதை அப்போதுதான் கண்டுபிடித்ததுபோல.

"ஆன்றோ," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அந்த எஞ்சின் சத்தம். மொதல்ல அதைச் சொல்லுங்க."